கிருஷ்ணம்மாவின் இடது கை

"ஏத்துறா... பாருங்க, இன்னைக்கும் மேலதான் ஏத்துறா!"

ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு இன்னும் அடிக்கவில்லை. இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்துக் கூரைகளை விட்டுப் பனிகூட இறங்கவில்லை. அதற்குள் நல்லம்மாவின் வாய் எழுந்துவிட்டது. பீலிக் குழாயில் பிடித்த தண்ணீர்க் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் காம்பரா வாசலில் நின்று, உள்ளே நடப்பதைப் பார்த்துப் பார்த்துப் பொருமினாள்.

உள்ளே அப்படி ஒன்றும் கொலை நடந்துகொண்டிருக்கவில்லை. சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள் கிருஷ்ணம்மா. அவளுடைய இடது கையை இரண்டு தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்திருந்தது. அதைக் கை என்று சொல்லவே மனம் வராது. தோளிலிருந்து விரல்வரை ஒரே கனமாக உப்பி, மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மருமகள் ருக்குமணி பக்கத்தில் மண்டியிட்டு, தூங்குகிற குழந்தையைத் தடவுவது போல, விரல் நுனியிலிருந்து தோளை நோக்கி மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, ஆசுபத்திரி மிஸ்ஸி இப்பிடித்தான் செய்யச் சொன்னாங்க..."

"எந்த மிஸ்ஸி? நீயும் அவளும் சிங்களத்துல குசுகுசுன்னு பேசிக்கிட்டது யாருக்கு வெளங்கிச்சு? ஊரு ஒலகத்துல எவளாச்சும் நோவ மேல ஏத்துவாளா? கையோட கெடக்கிறத நெஞ்சுக்குக் கொண்டு போறாளே... ஐயோ, இத நான் எங்கிட்டுப் போயி சொல்லுவேன்!"

"மதினி... பக்கத்துக் காம்பராவுல ஆளுக தூங்குதுக..." என்றாள் கிருஷ்ணம்மா.

"நீ பேசாத! ஒனக்கு யாரு என்னா செஞ்சாலும் சரிதான்!"

அந்த வார்த்தை கிருஷ்ணம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் அழகையா, தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான். வீட்டில் பெண்கள் சத்தம் போட்டால் கோப்பை காலியான பிறகும் குடித்துக்கொண்டே இருப்பார்.

இதைக் கேட்டுவிட்டு நல்லம்மாவைக் கொடுமைக்காரி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அவள் அழகையாவின் அக்கா. பிள்ளையில்லாமல், சின்ன வயதிலேயே தாலியறுத்து, தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிருஷ்ணம்மாவின் மார்பில் ஒரு கட்டி வந்து, அது புற்றுநோய் என்று சொல்லி, கண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஒரு பக்க மார்பையும் அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார்களே... அப்போது ஆஸ்பத்திரி விறாந்தையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவள் இந்த நல்லம்மாதான். மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கரண்டு வெளிச்சம் வைத்தபோதும் கூடப் போனவள் அவள்தான். கிருஷ்ணம்மா பிழைத்து வீடு வந்த வாரமே மாத்தளை மாரியம்மன் கோயிலுக்குப் போய், இடுப்புவரை இருந்த தன் முடியை மழித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வருஷா வருஷம் அதே நேர்த்திக்கடனைச் செலுத்துவதால் அந்த முடி இன்னும் காதைத் தாண்டி வளரவில்லை.

அதோடு போயிற்றா? தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பேர் பதிந்திருந்த நல்லம்மாவின் கொழுந்தனார் குடும்பம், போன வருஷம் புறப்பட்டது. அந்தப் பதிவில் நல்லம்மாவின் பேரும் இருந்தது. அங்கே காணி தருகிறார்கள், வீடு தருகிறார்கள் என்று அவர்கள் வந்து கூப்பிட்டார்கள். "இவள இந்தக் கோலத்துல போட்டுட்டு நான் எங்கிட்டுக் கப்பலேறப் போறேன்?" என்று சொல்லிவிட்டு அடுப்பூதப் போய்விட்டாள். கப்பலுக்கு ரயிலேறப் போனவர்களை வழியனுப்பக்கூட அவள் போகவில்லை. கிருஷ்ணம்மாவுக்கு அன்று பத்தியக் கஞ்சி வைக்க வேண்டியிருந்ததாம்.

இப்படிப்பட்டவளிடம் எதைச் சொல்லி வாயடைப்பது?

இன்னொன்றும் உண்டு. அந்தத் தோட்டத்தில் நோவை 'இறக்க'த் தெரிந்தவள் நல்லம்மா ஒருத்திதான். குளவி கொட்டினாலும், பூரான் கடித்தாலும், பிள்ளை பயந்து அலறினாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வேப்பங்குழையை எடுத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தடவித் தடவி இறக்கி, கடைசியில் வாசலுக்கு வெளியே உதறிவிடுவாள். எப்போதும் மேலிருந்து கீழேதான். தப்பித்தவறிக் கை மேலே போய்விட்டால் விஷம் தலைக்கேறிவிடும் என்று அவளுடைய ஆத்தா சொல்லிக் கொடுத்திருந்தாள். அதனால்தான் ருக்குமணியின் கை மேலே போகும்போதெல்லாம் நல்லம்மா அப்படிக் கத்தினாள். அது நடிப்பில்லை, நிஜமான பயம்.

ருக்குமணி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பலாபத்வலையில் ரோட்டோரம் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் மாடசாமியின் மகள். கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசிச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கிருஷ்ணம்மாவின் ஒரே மகன் செல்லச்சாமி அவளைக் கட்டிக்கொண்டு வந்த நேரத்தில்தான் இந்தக் கை வீங்க ஆரம்பித்தது. 'மருமக வந்த ராசி' என்று லயத்தில் இரண்டொரு வாய்கள் சொல்லாமலும் இல்லை. தோட்டத்து மருந்துசாலை டிஸ்பென்சர் ஐயா கண்டிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தபோது, பாஷை தெரிந்தவள் என்று ருக்குமணியைத் துணைக்கு அனுப்பினார்கள்.

அங்கே கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பகுதியில் ஒரு மிஸ்ஸி இருந்தாள். கொஞ்சம் முன்கோபி. ஆனால் கையைத் தொட்டால் பூப்போலத் தொடுவாள். அக்குள் நெறிகளை எடுத்துவிட்டதால் கையில் ஊறுகிற நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்குகிறது என்று அவள் விளங்கப்படுத்தினாள். எந்நேரமும் கையை உயர்த்தி வைக்க வேண்டும். அழுத்தாமல், தோளை நோக்கித் தடவிவிட வேண்டும். பிறகு இழுபடும் துணிக்கட்டை விரலில் இறுக்கமாக ஆரம்பித்து, மேலே போகப் போகத் தளர்த்திச் சுற்ற வேண்டும். சுவரில் விரல்களை ஏணி ஏறுவது போல ஏற்றி இறக்க வேண்டும். சூடு கூடாது, கீறல் கூடாது, பாரம் கூடாது. பழைய கை முழுசாகத் திரும்பி வராது, ஆனால் கொழுந்து பறிக்கிற அளவுக்குத் திருப்பிவிடலாம் என்று மிஸ்ஸி சொன்னபோது கிருஷ்ணம்மா தாங்க முடியாமல் அழுதுவிட்டாள். பதின்மூன்று வயதில் கூடை மாட்டியவள் அவள். அந்தக் கையும் போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தவள்.

பெரட்டுத் தப்பு அடித்தது. ருக்குமணி கட்டைச் சுற்றி முடித்து, செடி கீறாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மாமி, கைய கீழ தொங்கப் போடாதீங்க. நான் அந்திக்கு வந்து திரும்பப் பாக்குறேன்."

"சரி தாயி, பாத்துப் போ."

அவள் போனாள். இனி நடக்கப் போவதுதான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில்தான் நல்லம்மாவுக்கு வேலை. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அவள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் கதவைச் சாத்துவாள். வேப்பெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு அடுப்பில் காய்ச்சுவாள். ருக்குமணி பார்த்துப் பார்த்துச் சுற்றிய கட்டை அவிழ்ப்பாள். கை பொறுக்காத சூட்டோடு எண்ணெயை எடுத்து, தோளில் ஆரம்பித்து, கட்டைவிரல் இரண்டையும் பதித்து, விரல் நுனிவரை இழுத்து இழுத்து இறக்குவாள்.

அன்றைக்கும் இறக்கினாள்.

"மாரியாத்தா... எறங்கிப் போ தாயே... இந்தப் பிள்ளைய விட்டு எறங்கிப் போ..."

கிருஷ்ணம்மாவுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ரம்பத்தை வைத்து அறுப்பது போல வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நல்லம்மாவின் குனிந்த தலையைப் பார்த்தாள். அங்கே நரையும் கருப்புமாகக் குத்திட்டு நின்ற குட்டை முடி. அந்த முடியைப் பார்த்தால் அவளுக்கு வாய் எழும்பாது.

"வலிக்குதா புள்ள?"

"இல்ல மதினி."

"வலிக்காது. என் கை அப்பிடி." நல்லம்மா முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் குட்டிகிட்ட சொல்லிறாத. சின்னஞ்சிறுசு, மனசு சங்கடப்படும். அது காலையில ஏத்துறத நான் பகல்ல எறக்கிருறேன். ஒனக்கு ஒண்ணும் ஆவ விட மாட்டேன்."

பிறகு தனக்குத் தெரிந்தபடி கட்டைப் போடுவாள். நோவு மேலே ஏறிவிடாதபடி தோளடியில் இறுக்கிக் கட்டி, அது வெளியே போக வேண்டுமே என்று விரல்பக்கம் தளர்த்தி விடுவாள். அந்தியில் ருக்குமணி வந்து அவிழ்க்கும்போது விரல்கள் கத்தரிக்காய் மாதிரி கருத்து வீங்கியிருக்கும். கட்டு நழுவி நழுவி இப்படி ஆகிவிட்டதாக்கும் என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்ளும்.

என் கைதானே, நான்தானே தாங்குகிறேன் என்று கிருஷ்ணம்மா நினைத்தாள். ஒருத்தி தனக்காகக் கடல் தாண்டிப் போகாமல் நின்றவள். இன்னொருத்தி தன் பிள்ளையை நம்பி வந்தவள். இருவரில் ஒருவர் மனசு நோவதைவிடத் தன் கை நோகட்டும் என்று இருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெண்களாகப் பிறந்தவர்களுக்கு இப்படி ஒரு புத்தியை யார்தான் கொடுத்துத் தொலைத்தார்களோ!

அடுத்த கிளினிக்குக்கு மாமியாரும் மருமகளும் இரத்தோட்டை பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்கி, அங்கிருந்து கண்டிக்குப் போனார்கள். மிஸ்ஸி நாடாவை எடுத்துக் கையை அளந்தாள். முகம் மாறிற்று. திரும்பவும் அளந்தாள். குறைந்திருக்க வேண்டிய கை கூடியிருந்தது. தோலை அமுக்கிப் பார்த்தாள். முன்பு குழி விழுந்த இடம் இப்போது கெட்டித்துப்போயிருந்தது.

அவள் ருக்குமணியிடம் சிங்களத்தில் படபடவென்று ஏதோ கேட்டாள். ருக்குமணி திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். மிஸ்ஸியின் குரல் உயர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ருக்குமணியின் கண் நிரம்பிற்று.

"என்னா தாயி சொல்றாங்க?"

"நான் ஒழுங்கா செய்யலயாம் மாமி... அமுக்கிப் புடிக்கிறேனாம், சூடு காட்டுறேனாம். சத்தியமா இல்லேன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாங்க. இப்பிடியே போனா காய்ச்சல் வந்து, கை கட்டையாப் போயிருமாம்... பெறகு அவங்களாலயும் ஒண்ணும் பண்ண ஏலாதாம்..."

மிஸ்ஸி கிருஷ்ணம்மாவை நேராகப் பார்த்தாள். தெரிந்த அரைகுறைத் தமிழில், "அம்மா, வேற ஆளு எண்ணெ போடுறது?" என்று கேட்டாள்.

கிருஷ்ணம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "இல்லீங்க மிஸ்ஸி," என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ருக்குமணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இரத்தோட்டை மேடு ஏறும்போது மெல்லச் சொன்னாள்: "என் கைதான் ராசியில்லாத கை போல மாமி... பெரியம்மா சொல்றதும் சரியா இருக்குமோ?"

இப்போதாவது சொல்லிவிடேன் என்று கிருஷ்ணம்மாவின் மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தாள். "அப்பிடியெல்லாம் சொல்லாத தாயி" என்பதற்கு மேல் வரவில்லை.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது.

காலையில் பல் கிட்டிக்க நடுங்கினாள். கை நெருப்பாகச் சிவந்து, அக்குள்வரை சிவப்பு ஏறியிருந்தது. செல்லச்சாமி ஓடிப்போய் டிஸ்பென்சர் ஐயாவைக் கூட்டிவந்தான். அவர் வலது கையில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, மறுநாளும் காய்ச்சல் விடாவிட்டால் கண்டிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முதுகு மறைந்ததும் நல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள். லயமே கூடிவிட்டது.

"சொன்னேனே... தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே! ஒருத்தராச்சும் கேட்டீங்களா? மேல ஏத்தி ஏத்தி அக்குளுக்குக் கொண்டாந்துட்டா! இனி நெஞ்சுக்குப் போவ எம்புட்டு நேரம்? என் தம்பி பொண்டாட்டிய எமன்கிட்டயிருந்து புடுங்கிக்கிட்டு வந்தேன்டி நான்... ஒங்கிட்டக் குடுக்கவா புடுங்கிக்கிட்டு வந்தேன்?"

"பெரியம்மா! அப்பிடிச் சொல்லாதீங்க பெரியம்மா... நான் எங்கம்மாவுக்குக்கூட இப்பிடிப் பாத்ததில்ல..."

"பாத்த லெச்சணந்தான் தெரியுதே! அழகையா, நீ ஆம்பளதானே? இன்னும் எதுக்குடா பேசாம நிக்கிற? இந்த வீட்டுல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

அழகையாவிடம் அன்று கோப்பைகூட இல்லை. மனைவி அனத்துவது உள்ளே கேட்டது. அக்கா முன்னால் நின்று அழுதாள். பாவம், மனுஷர் பயந்துபோய்விட்டார். பயந்த ஆண்கள் செய்வதையே அவரும் செய்தார்.

"டேய் செல்லச்சாமி... அம்மாவுக்குச் சொகமாவுற வரைக்கும் அந்தப் புள்ளைய பலாபத்வலையில கொண்டு போயி விட்டுட்டு வா."

"அப்பா, அவ என்னா செஞ்சா?"

"சொன்னதச் செய்யிடா!"

ருக்குமணி உள்ளே வந்தாள். கொடியில் கிடந்த நாலு துணியை எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். பிறகு பாயருகே மண்டியிட்டு மாமியாரின் காலைத் தொட்டாள்.

"நான் போயிட்டு வாறேன் மாமி. கைய தலகாணி மேலயே வச்சிருங்க. யாராச்சும் பாசத்துல சூடு ஒத்தடம் குடுக்க வந்தா வேணாம்னு சொல்லுங்க மாமி... வாயத் தொறந்து சொல்லுங்க..." அதற்குமேல் முடியாமல் விம்மி விம்மி அழுதாள்.

கிருஷ்ணம்மாவின் காதில் அந்த விம்மல் விழுந்தது. தன் கையைத்தான் பலி கொடுப்பதாக இத்தனை நாளும் நினைத்திருந்தாளே! யாரைப் பலி கொடுத்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலை சுற்றிற்று. மருமகள் பிடிக்க வந்தபோது அவள் தோளையே ஊன்றிக்கொண்டு, நேராக இஸ்தோப்புக்கு நடந்தாள்.

அறுவை நடந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தை முந்தானையால் மூடாமல் அவள் வெளியே வந்ததில்லை. அன்று மூடவில்லை. சிவந்து பளபளத்த அந்தக் கையைப் பார்த்து, கூடியிருந்த பெண்கள் 'ஐயோ' என்று வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள்.

"என்னாங்க... பெட்டிய எறக்கி வைக்கச் சொல்லுங்க. அவ எங்கயும் போவ மாட்டா."

"நீ ஏன் புள்ள எந்திரிச்ச..." நல்லம்மா ஓடி வந்தாள்.

"நில்லுங்க மதினி. நான் இன்னைக்குப் பேசணும்." கிருஷ்ணம்மா மருமகளின் தோளை விடவில்லை. "தெனமும் பகல்ல இவ கட்டுன கட்ட அவுத்து, எண்ணெய காய்ச்சி, கீழ்முகமா தேச்சிருக்கு. இவளுக்குத் தெரியாது. நாந்தான் கைய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். மிஸ்ஸி கேட்டப்பகூட இல்லேன்னு பொய் சொன்னேன். அவங்க இந்தப் புள்ளைய அத்தன பேரு முன்னாடி ஏசுனாங்க... நான் பாத்துக்கிட்டு நின்னேன். குத்தம் என்னுது. என்னைய வேணும்னா வெளிய போடுங்க..."

அழகையா மெல்லத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

நல்லம்மா தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப... நானா? இந்தக் கையா? கிருஷ்ணம்மா, ஒனக்கு வலிச்சிச்சா?"

கிருஷ்ணம்மா அழுதாள். பதில் அதுவாகவே இருந்தது.

"அடிப்பாவி... தெனமும் கேட்டேனே! தெனமும் வலிக்குதான்னு கேட்டேனே! இல்லேன்னியேடி!" நல்லம்மா தூணோடு சரிந்து உட்கார்ந்தாள். "எத்தன பேருக்கு எறக்கிருக்கேன்... ஒரு உசிரு போனதில்லயே. எறக்குறது எப்பிடி தப்பாவும்? எங்காத்தா சொன்னது பொய்யா?"

கூட்டத்தில் ஒருத்தி சிரித்த மாதிரி இருந்தது. ருக்குமணி அவளை முறைத்துவிட்டு நல்லம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். சற்று முன்புதான் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள், அந்தக் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொய்யில்ல பெரியம்மா. குளவி விஷம் வெளியில இருந்து வந்தது. அத வெளியதான் தொரத்தணும். நீங்க செஞ்சது சரி. ஆனா இது விஷமில்ல. மாமி ஒடம்புல ஊறுன தண்ணி. வழி மூடிப்போயி கையில நிக்கிது. அத எங்க தொரத்துறது பெரியம்மா? அது மாமி ஒடம்புக்குத்தானே திரும்பணும்..."

நல்லம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கைகளை உருவிக்கொண்டு எழுந்து, பிள்ளைக் காம்பராப் பக்கம் நடந்து போனாள்.

ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன. காய்ச்சல் இறங்கி, சிவப்பு மங்கிற்று. டிஸ்பென்சர் ஐயா சரி என்ற பிறகு ருக்குமணி மறுபடி தடவவும் கட்டவும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை யாரும் அவிழ்க்கவில்லை. நாள் போகப் போகக் கெட்டித்த இடம் இளகிற்று. ஒரு நாள் காலையில் மணிக்கட்டின் மேடு லேசாகத் தெரிந்தபோது அழகையா குனிந்து பார்த்துவிட்டு, "அட!" என்றார். மருமகளைப் பார்த்து அவருக்கு வேறு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. முதல் தேத்தண்ணீரைத் தானே ஊற்றி அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவசரமாக வெளியே போய்விட்டார்.

நல்லம்மாதான் அடியோடு மாறிப்போனாள். சமைத்தாள், தண்ணீர் சுமந்தாள். கிருஷ்ணம்மாவின் பக்கம் மட்டும் வரவே இல்லை. எதிர் லயத்துப் பெண் ஒருத்தி குளவி கொட்டிய முகத்தோடு ஓடிவந்தபோது, "என் கை ஆவாது தாயி, போ" என்று கதவைச் சாத்தினாள். ருக்குமணிதான் கதவைத் தட்டி, "குளவிக்கு ஒங்கள விட்டா யாரு பெரியம்மா?" என்று வேப்பங்குழையை ஒடித்து அவள் கையில் திணிக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு எழுதிக் கேட்கலாமா, இப்போது போனாலும் சேர்த்துக்கொள்வார்களா என்று அவள் தம்பியிடம் விசாரித்ததாகவும் கிருஷ்ணம்மாவின் காதுக்கு வந்தது. அன்றிரவு கிருஷ்ணம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ருக்குமணி கட்டுத் துணியைச் சுருட்டிப் பாயில் வைத்தாள். தடவ உட்காரவில்லை. படங்கைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு எனக்கு மேல்மலையில வேலை, நேரத்தோட போவணும். பெரியம்மா பாத்துக்குவாங்க." அடுப்படிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். தப்படிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அடுப்படியில் நல்லம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

"மதினி," என்று கூப்பிட்டாள் கிருஷ்ணம்மா. "கை தொங்குது மதினி."

கொஞ்சம் கழித்து நல்லம்மா வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "வேணாம் புள்ள. என்னால ஏலாது. இந்தக் கை கெடுத்த கை."

"இந்தக் கைதான என்னைய ஆசுபத்திரியில திருப்பிப் படுக்க வச்சிச்சு? வாயில கஞ்சி ஊத்திச்சு? வாங்க. வேற யாரு இருக்கா எனக்கு..."

நல்லம்மா வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் இல்லாத வெறும் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, பயந்து பயந்து கிருஷ்ணம்மாவின் விரல்களைத் தொட்டாள். மேல்முகமாகத் தடவினாள். முழங்கை வந்ததும் கை தானாகக் கீழே திரும்பப் பார்த்தது. சட்டென்று நிறுத்தினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டிற்று. மறுபடி விரலிலிருந்து ஆரம்பித்து, முழங்கையைத் தாண்டி, தோள்வரை கொண்டுபோனாள். கொண்டுபோன ஆவேசத்தில் பழைய வழக்கப்படி கட்டைவிரல் அழுந்திவிட்டது.

"வலிக்குது மதினி," என்றாள் கிருஷ்ணம்மா.

நல்லம்மா கையை எடுத்துவிட்டாள். அந்தக் குட்டை முடித் தலையைக் கிருஷ்ணம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகக் குலுங்கினாள்.

"இந்த ஒரு வார்த்தைய மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு ஒனக்கு என்னாடி கேடு!"

"இனிச் சொல்றேன் மதினி. வலிச்சா சொல்றேன்."

"சொல்லு. சத்தம் போட்டுச் சொல்லு," என்றாள் நல்லம்மா. மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடியும் விரல் நுனியிலிருந்து, மெல்ல, மேல்முகமாகத் தடவ ஆரம்பித்தாள்.